கடலோரச் சொல் கேட்ட பேத்திக்கு

கிள்ளான்

அன்புள்ள பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. பள்ளித் தமிழ்மொழிக் கழக மலருக்கு மீனவர்களின் வட்டார வழக்குச் சொற்கள் ஐம்பது வேண்டும், பொருளோடு வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். ஐம்பது சொல் எழுதி அனுப்புவது எனக்குப் பெரிய வேலை இல்லை. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் என்று நீயும் அச்சிட்டுவிடுவாய். வாங்கியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். சொற்களையும் தருகிறேன், ஒவ்வொரு சொல்லும் கடலில் என்ன வேலை செய்கிறது என்பதையும் தருகிறேன். வேலையை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எழுதினால் மீனவர் சொல்லில் முக்கால் பங்கு கைநழுவிப் போகும்.

முதலில், இந்தச் சொற்கள் நம் வீட்டில் ஏன் இல்லை என்று தெரிந்துகொள். கடல் நமக்குத் தூரமில்லை. கிள்ளான் துறைமுகத்துப் படகுத்துறையிலிருந்து கெத்தாம் தீவுக்குப் போய் நண்டு சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பிவிடுகிறோம். ஆனால் நம் மூத்தவர்களில் மிகப் பலர் கடலைக் கடந்து வந்தவர்களே தவிர, கடலில் தொழில் செய்தவர்கள் அல்லர். 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம்தான் 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறியவர்களை ‘ரஜுலா’ போன்ற கப்பல்கள் பினாங்கிலும் இங்கேயும் இறக்கின. நாகப்பட்டினம் பெரிய மீனவர் ஊர்தான். ஆனாலும் அங்கே கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் வயற்காட்டு மக்கள். இங்கே இறங்கியதும் ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். அவர்கள் புதிதாக உண்டாக்கிய சொற்களும் பால்மரம், லயம், பெரட்டுக்களம் என்று தோட்டத்தைச் சுற்றியே இருந்தன. மலாக்கா நீரிணையின் இந்தக் கரையில் மீன்பிடிப்பு பெரும்பாலும் மலாய்க்காரர், சீனர் கையில் இருந்தது. கெத்தாம் தீவில் தியோச்சூவும் ஹொக்கியனும்தான் கேட்கும். ஆக, நீ கேட்கும் சொற்களுக்காக நாம் சோழமண்டலக் கரைக்கும் முத்துக்குளித்துறைக்கும் குமரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

காற்றிலிருந்து தொடங்கலாம். பாய்மரக் காலத்தில் படகை ஓட்டியது காற்றுதான். வடக்கிலிருந்து வீசுவது வாடை. கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். தெற்கிலிருந்து வீசுவது சோழகம். மேற்கிலிருந்து வீசுவது கச்சான். நீ பாடத்தில் படித்தது வாடை, கொண்டல், தென்றல், கோடை. முதல் இரண்டும் கடற்கரையில் அப்படியே இருக்கின்றன. மற்ற இரண்டுக்கும் மீனவர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். இதை வெறும் திசைப்பெயராகப் படிக்காதே. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் நிற்பவனுக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. விடியலுக்கு முன் தரைக்காற்றில் பாய் விரித்து வெளியே போய், பிற்பகலில் கடற்காற்றில் கரை திரும்புவதுதான் கட்டுமரக் காலத்து வழக்கம். அளவாக வீசினால் கச்சான் படகைக் கொண்டுபோய் விடும். வலுத்துவிட்டால் திரும்பவிடாமல் வெளியே தள்ளும். ‘கச்சான் கடுமை’ என்று ஒருவர் சொன்னால் அது வானிலைச் செய்தி மட்டுமில்லை, ‘இன்று போகாதே’ என்பதும் அதற்குள் இருக்கிறது.

இதே சொல்லை இலங்கையில் கேட்டால் இன்னொரு வேடிக்கை. பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத்து வழிவந்த பாட்டி யாராவது இருந்தால், “கச்சான் என்றால் என்ன பாட்டி?” என்று கேட்டுப் பார். காற்றைச் சொல்வதற்கு முன் வேர்க்கடலையைச் சொல்லிவிடுவார். இலங்கைத் தமிழில் வேர்க்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். பேசுபவர் எந்தக் கச்சானைச் சொல்கிறார் என்று இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காற்றுக்கு அடுத்தது நீரோட்டம். வலை விரிப்பவனுக்குக் காற்றைவிட இதுதான் முக்கியம். கடலின் மேற்பரப்பு அமைதியாக இருக்கும்போதே அடியில் நீர் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். அது தெரியாமல் வலையை இறக்கினால் வலை சுருண்டுகொள்ளும், அல்லது படகோடு எங்கேயோ போய்விடும். சென்னைக் கரையில் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்கிறார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. தெற்கே முத்துக்குளித்துறைப் பக்கம் போனால் நீரோட்டத்துக்கு நீவாடு என்று பெயர். வாடைக்காலத்துத் திசையில் ஓடுவது வாநீவாடு, சோழகத்தின் திசையில் ஓடுவது சோநீவாடு. கவனித்தாயா? காற்றின் பெயரையே சுருக்கி நீரோட்டத்தின் தலையில் வைத்துவிட்டார்கள். பருவக்காற்றும் கரையோர நீரோட்டமும் சேர்ந்தே திசை மாறும் என்ற அறிவு அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதை விளக்க ஒரு பத்தி வேண்டும்.

சென்னை அடையாற்று முகத்துவாரத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் என்று ஒரு மீனவர் குப்பம் இருக்கிறது. அங்கே எஸ். பாளையம் என்ற மீனவர் காற்று, நீரோட்டம், கடலின் நிறம், மீன் வரத்து எல்லாவற்றையும் தம் குப்பத்துச் சொற்களிலேயே சொல்ல, நித்தியானந்த் ஜெயராமன் முதலிய ஆர்வலர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நான் உன்னிடம் எதிர்பார்ப்பது இந்த மாதிரியான வேலையைத்தான். அவர்கள் ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு அடுத்த சொல்லுக்கு ஓடவில்லை. அந்தக் காற்று எந்த மாதம் வரும், வந்தால் கடல் எப்படி இருக்கும், எந்த மீன் வரும் என்று தொடர்ந்து கேட்டார்கள்.

இனி வலைக்கு வருவோம். கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை ஒன்று உண்டு. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, படகு கடலுக்குள் அரைவட்டம் அடித்து வலையை இறக்கி, மறு முனையோடு கொஞ்ச தூரம் தள்ளிக் கரை சேரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். நடுவில் பை போலத் தொங்கும் பகுதிக்கு மடி என்று பெயர். மீன் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். சென்னைப் பக்கம் இதைப் பெரிய வலை என்பார்கள், குமரியில் கரமடி என்பார்கள், இலங்கையில் கரைவலை என்பார்கள். ஒரே கருவிக்கு மூன்று இடத்தில் மூன்று பெயர். ஒருவர் அளவைப் பார்த்தார், ஒருவர் கரையையும் மடியையும் பார்த்தார், ஒருவர் இழுக்கும் இடத்தைப் பார்த்தார். இலங்கைக் கரைவலையில் எப்போது வளைக்க வேண்டும், எந்தப் பக்கம் வேகமாக இழுக்க வேண்டும் என்று நீரைப் பார்த்தே சொல்பவருக்கு மண்டாடி என்று பெயர். இழுப்பவர்கள் கை சேர்ந்து இயங்குவதற்காகப் பாடுவது அம்பா. வலை கனக்கும்போது ஒரு நடை, கரையை நெருங்கும்போது இன்னொரு நடை. இயந்திரம் கயிற்றை இழுக்கும் இடத்தில் அம்பாவுக்கு வேலை இல்லை. வேலை போன பிறகு பாட்டு மேடைக்கு மட்டும் வருகிறது.

மீன் கிடைப்பதைப் பற்றி அவர்கள் பேசும் முறையையும் கவனி. ‘மீன் பிடித்தேன்’ என்று சொல்வதைவிட ‘மீன் பட்டது’ என்பார்கள். அன்றைய வரத்துக்குப் பாடு என்று பெயர். ‘பாடு எப்படி?’ என்றால் ‘இன்று எவ்வளவு கிடைத்தது?’ என்று பொருள். நாம் பாடு என்பதைத் துன்பத்துக்கு வைத்திருக்கிறோம், ‘படாத பாடு பட்டேன்’ என்கிறோம். கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு விளைச்சல் என்ற பொருளும் இருக்கிறது. கடலில் கிடைப்பது தன் திறமையால் மட்டும் கிடைப்பதில்லை என்று தெரிந்தவர்களின் பேச்சு அது. படகின் உறுப்புகளில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். முன்பக்கத்துக்கு அணியம் என்று பெயர். படகு வைத்திருக்கும் முதலாளி தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கம் சம்மாட்டி. படகை நடத்துபவர் தண்டல்.

இப்போது எனக்குப் பிடித்த சொல். குமரிக் கடற்கரையில் கணியம் என்பார்கள். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கடலடியில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள். கடலடிப் பாறைத்திட்டுக்குப் பார் என்று பெயர். முத்துச் சிப்பி விளையும் இடங்களையும் தூத்துக்குடிப் பக்கம் பார் என்றுதான் சொல்வார்கள். தோலாயிரம் பார் அப்படி ஒன்று. பாரில் மீன் கூடும். ஆனால் மேலே எல்லாம் ஒரே நீர். நேற்று வந்த அதே இடத்துக்கு இன்று எப்படித் திரும்ப வருவது? கரையில் இருக்கும் கோயில் கோபுரமோ மணிக்கூண்டோ அதற்குப் பின்னால் இருக்கும் மலையுச்சியோடு ஒரே கோட்டில் வரும் இடத்தைப் பார்ப்பார்கள். அதே நேரத்தில் வேறு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளிதான் பார். உன் கணிதப் பாடத்தில் ஆயத்தொலைவு என்று படிக்கிறாயே, அதையே தாளும் எழுதுகோலும் இல்லாமல் செய்தார்கள். தந்தை மகனுக்குச் சொல்வார், வெளியாளுக்குச் சொல்ல மாட்டார். ஜிபிஎஸ் கருவி வந்த பிறகு கணியம் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கருவியில் எண் இருக்கிறது, அது போதும். கோபுரத்தையும் மலையையும் சேர்த்துப் பார்க்கும் கண்ணுக்குப் பயிற்சி இல்லாமல் போனபோது சொல்லும் முதியவர்களின் வாயோடு நின்றுவிட்டது. நம் கிள்ளான் கரையில் பின்னணியாகப் பார்க்க மலை அருகில் இல்லை, முன்னே அலையாத்திக் காடுதான். கணியம் என்ற சொல் இங்கே பிறந்திருக்க வழியே இல்லை என்பது இப்போது உனக்குப் புரியும்.

சரி, இங்கே எந்தச் சொல் பிறந்திருக்கும்? இதற்கு ஓதத்தைப் பார்க்க வேண்டும். கடல் ஏறி இறங்குவதற்கு நம் பழைய நூல்கள் வைத்திருக்கும் பெயர் ஓதம். சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிய ஓத நாள்களிலேயே ஒரு மீட்டர் அளவுதான். கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நான்கு மீட்டரைத் தாண்டும். அந்தமான் கடலிலிருந்து வரும் ஓத அலை, தெற்கே போகப் போகக் குறுகும் நீரிணைக்குள் நெருக்கப்பட்டு உயர்வதே காரணம். காலையில் சேறாகக் கிடந்த இடத்தில் பிற்பகலில் படகு மிதக்கும். ஆகவே இங்கே மீனவன் முதலில் கேட்பது காற்றை அல்ல, நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதைத்தான். மலாய்க்காரர்கள் ஏறுவதை ஆயர் பாசாங் என்றும் வற்றுவதை ஆயர் சூருட் என்றும் சொல்கிறார்கள். கரையை மீறி வரும் பெரிய ஏற்றத்துக்கு ஆயர் பாசாங் பெசார். அந்த நாள்களில் துறைமுகப் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு எச்சரிக்கை விடுவதை நாளிதழில் நீயே பார்த்திருப்பாய். தமிழ்க் கரையில் காற்றும் நீவாடும் ஆளுகின்றன, அங்கே அவற்றுக்குச் சொல் பெருகியது. இந்தக் கரையில் ஓதம் ஆளுகிறது, இங்கே அதற்குச் சொல் பெருகியது. எந்தக் கடல் எதைக் கொண்டு மனிதனைச் சோதிக்கிறதோ அதற்குத்தான் அந்த ஊர் நிறையப் பெயர் வைக்கும்.

இதற்கு யாழ்ப்பாணம் இன்னொரு சான்று. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் ஒரு காலத்தில் நிறைந்திருந்தவர்கள் இலங்கையிலிருந்து எழுத்தர் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள். கந்தசாமி கோயில் அவர்கள் கட்டியது. அவர்களும் இங்கே மீன் பிடிக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் எந்த வீடும் கடலுக்குத் தொலைவில்லை. அதனால் சோளகம், வாடை என்ற பருவப் பெயர்களும், கடலுணவு போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழும் அவர்களோடு வந்தன. (நம் சோழகத்தை அவர்கள் சோளகம் என்பார்கள்.) அங்கே ஆழமில்லாத கடல்நீரேரியில் கம்புகளை வரிசையாக நட்டு, மீனை வழிதிருப்பிக் கடைசியில் ஓர் அறைக்குள் அடைக்கும் பொறிக்குக் களங்கட்டி என்று பெயர். நம் நீரிணையில் கேலோங் என்று மலாயில் சொல்வதும் இதே தத்துவம்தான். ஆழமற்ற கடலில் வாழ்ந்த இரண்டு மக்கள் ஒரே கேள்விக்கு ஒரே மாதிரி விடை கண்டிருக்கிறார்கள். உன் மலரில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படம் வரைந்து போட்டால் ஒரு பக்கம் முழுக்க விளக்கம் எழுத வேண்டியதில்லை.

இனிச் சந்தைக்கு வருகிறேன். கடற்சொல்லில் நம்மிடம் உயிரோடு இருக்கும் பகுதி மீன்பெயர்தான். இங்கேதான் அதிகக் குழப்பமும் இருக்கிறது. இங்கே தெங்கிரி என்று வாங்குகிறோமே, அது சென்னையில் வஞ்சிரம், குமரியில் நெய்மீன், இராமநாதபுரத்தில் சீலா, யாழ்ப்பாணத்தில் அறக்குளா. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சென்னையில் போய்ச் ‘சீலா’ என்று கேட்டால் உனக்கு வேறு மீனைக் கொடுப்பார்கள், நீண்ட முகமும் ஊசிப் பற்களும் உள்ள மீன். ஆகவே ‘சீலா என்றால் தெங்கிரி’ என்று ஊர் போடாமல் எழுதினால் அது பிழை. கெம்போங் மீன் சென்னையில் கானாங்கெளுத்தி, குமரியில் அயிலை, இலங்கையில் கும்பளா. கானாங்கெளுத்தியில் கெளுத்தி இருக்கிறதே என்று மீசையுள்ள கெளுத்தியோடு சேர்த்துவிடாதே, இரண்டுக்கும் உறவில்லை. சோத்தோங் என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதைச் சென்னைக்காரர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். உள்ளே ஓடு உள்ளது கணவாய், மெலிந்து நீண்டது கடம்பா.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சியாக்காப் என்பது கொடுவா. செனாங்கின் என்பது காலா. பாரி என்பது திருக்கை. கெராப்பு என்பது களவா. கெலாமா என்பது கத்தாழை. பெலானாக் என்பது மடவை. பாராங் என்பது முள்வாளை, பெயரிலேயே முள்ளை எச்சரித்துவிட்டார்கள். பாவால் என்பது வாவல். பிலிஸ் என்பது நெத்திலி. சாளை, மத்தி, சூடை என்று ஊருக்கு ஒரு பெயரில் வருபவை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்த சிறு மீன்கள். விற்பனைக்கு வராத ஒன்றையும் சேர்த்துக்கொள்: துள்ளிக் குதித்துப் போகும் டால்பினுக்கு மீனவர் வைத்த பெயர் ஓங்கல்.

நாம் ‘தெங்கிரி ஒரு காட்டி எத்தனை வெள்ளி?’ என்று கேட்டு வளர்ந்தவர்கள். அதைக் கலப்புத் தமிழ் என்று வெட்கப்பட வேண்டாம். தெங்கிரி மலாய்ச் சொல். காட்டி இந்த வட்டாரம் முழுக்கப் புழங்கிய பழைய எடை. ரிங்கிட்டை வெள்ளி என்பது நம் மலேசியத் தமிழ். கிள்ளான் சந்தையின் வட்டார வழக்கு இதுதான். இன்னும் ஐம்பது ஆண்டில் யாராவது இதையும் தேடி வருவார்கள். வஞ்சிரம் என்ற சொல்லைக் கற்றுக்கொள், தெங்கிரியையும் விடாதே.

சொல்லைக் காப்பதால் என்ன பயன் என்று உன் வகுப்பில் யாராவது கேட்பார்கள். அதற்கு விடை நமக்கு அருகிலேயே இருக்கிறது. சுமத்ராவுக்கு மேற்கே சிமெலூ என்று ஒரு தீவு. அங்கே 1907-இல் நிலநடுக்கத்துக்குப் பின் பெரிய கடல் எழுந்து வந்து பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயர் வைத்து, தாலாட்டிலும் கதைப்பாட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். அந்தச் சொல்லோடு ஒரு கட்டளையும் சேர்ந்தே வந்தது: நிலம் பலமாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில் ஏறத்தாழ 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் 7 பேர் என்று கணக்கு.

அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காற்றையும் நீவாட்டையும் கணியத்தையும் அறிந்த மக்கள் அவர்கள். தமிழிலும் கடல்கோள் என்ற சொல் இருந்தது. ஆனால் அது இலக்கியத்திலும் உரையிலும் இருந்தது, குப்பத்துப் பிள்ளையின் தாலாட்டில் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கெல்லாம் பெயர் வைத்தவர்களுக்கு, யார் நினைவிலும் இல்லாத ஒன்று வந்தபோது வாயில் சொல் இல்லை. அங்கே நிலமும் சிமெலூவைப் போல நடுங்கி எச்சரிக்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆகவே அறியாமை என்று யாரையும் குறை சொல்லாதே. நான் சொல்ல வருவது இதுதான்: நூலில் பத்திரமாக இருப்பதாலேயே ஒரு சொல் உயிரைக் காத்துவிடாது. கேட்டவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதும் கூடவே வந்தால்தான் காக்கும். வன்னி என்றால் வலையை எப்படி இறக்குவது, கச்சான் என்றால் போவதா நிற்பதா, கணியம் என்றால் எதை எதோடு சேர்த்துப் பார்ப்பது. செயலைச் சேர்த்து எழுது என்று தொடக்கம் முதல் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பசிபிக் கடலில் பலாவ் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே ராபர்ட் ஜொஹான்ஸ் என்ற கடலுயிர் ஆய்வாளர் மீனவர்களோடு தங்கி, எந்த மீன் எந்தப் பிறைநாளில் எந்த இடத்தில் கூடி முட்டையிடும் என்று கேட்டு எழுதி 1981-இல் நூலாக்கினார். அவற்றில் பலவற்றை அறிவியலாளர்கள் அதுவரை பதிந்திருக்கவே இல்லை. பட்டம் பெற்ற ஒருவர் மீனவரை ஆசிரியராக ஏற்றுக்கொண்டதால் கிடைத்த பயன் அது.

தமிழிலும் முன்னோடிகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் யாழ்ப்பாண வழக்குக்குத் தனிக் குறி உண்டு. ஆனால் பல வட்டாரச் சொற்களுக்கு ‘உள்ளூர் வழக்கு’ என்று பொதுக் குறி மட்டும் போட்டிருப்பார்கள். எந்த ஊர் உள்ளூர் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1982-இல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு அகராதி செய்து வழிகாட்டினார். அதன்பின் கொங்குக்குப் பெருமாள்முருகன், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன், நாஞ்சிலுக்கு அ.கா. பெருமாள் என்று வரிசையாக வந்தார்கள். கடலோரத்தைக் கதையாகப் படிக்க வேண்டுமானால் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ சிறிய நாவல், அதிலிருந்து தொடங்கு. பிறகு ஜோ டி குரூஸின் ‘ஆழிசூழ் உலகு’. முதலில் பேச்சு பிடிபடாது, அவசரப்படாமல் சத்தமாக வாய்விட்டுப் படி. குமரிக் கரையைப் பற்றி அறிய வறீதையா கான்ஸ்தந்தின் எழுதியவற்றைத் தேடு.

இனி நீ செய்ய வேண்டியது. ஐம்பது வேண்டாம், பன்னிரண்டு போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து செய்தி எழுது. யார் சொன்னது: பெயர் வேண்டாம், ‘தூத்துக்குடியிலிருந்து வந்த மீன்கடைக்காரர்’ என்பது போல ஊரும் தொழிலும் போதும். எந்தக் கரை. எந்தப் பருவம். அதற்கு எதிர்ச்சொல் எது: வன்னி கிடைத்தால் தெண்டியைக் கேட்காமல் வராதே, பெரும்பாலும் சொற்கள் இணையாகத்தான் பிறக்கும். கடைசியாக, அது நேர்ந்தால் என்ன செய்வார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத சொல்லை அச்சுக்கு அனுப்பாமல் வைத்திரு.

ஒலியைத் திருத்தாதே. ஒருவர் வாநீவாடு என்பார், ஒருவர் வானீவாடு என்பார். இரண்டையும் எழுது. எது ‘சரியான தமிழ்’ என்று அவரிடம் சொல்லிக் காட்டினால் அடுத்த நிமிடமே அவர் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார், உனக்கு ஒன்றும் கிடைக்காது. கைப்பேசியில் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேள்.

சந்தைக்கு விடியற்காலையில் போகாதே. அது அவர்களுக்கு வியாபார நேரம், நீ கேள்வி கேட்டால் எரிச்சல் வரும். கூட்டம் குறைந்த பிறகு போ. கைவீசிக்கொண்டு போய் நின்று பேச்சைத் தொடங்காதே. முதலில் அரைக் கிலோ கெம்போங்காவது வாங்கு. மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவர்கள் வாய் திறந்து பேசுவார்கள். ‘அண்ணே, இதை உங்க ஊரில் என்ன சொல்வாங்க?’ என்று தொடங்கு. பெண்களிடம் கேட்க மறக்காதே. கருவாடு போடும் பக்குவம், உப்பின் அளவு, எந்த மீன் எத்தனை நாள் காய வேண்டும் என்ற அறிவெல்லாம் பல ஊர்களில் பெண்களிடம்தான் இருக்கிறது. சொல் சேகரிப்பவர்கள் வலையைப் பற்றியே கேட்டுவிட்டு இந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல். வாங்கும் மீனைக் கழுவி வைக்கத் தெரியாவிட்டால் அதையும் அந்த மீன்காரரிடமே கேட்டுக்கொள்.

அன்புடன்,
தாத்தா